பால்குடிக் குழந்தையோடு வேலைக்குத் திரும்பும் தாய்க்குச் சட்டம் தருவது என்ன?

மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்பது இன்று பலருக்கும் தெரியும். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துவிட்டால் பிரசவத்துக்குப் பிறகு மிஞ்சுவது 18 வாரம்தான். அம்மா வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்கு நான்கு மாதம்தான் நிறைந்திருக்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்களே, அந்த வயதுக் குழந்தை.

விடுப்பு முடிந்ததும் சட்டத்தின் வேலையும் முடிந்துவிட்டது என்று பல பெண்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நிர்வாகமும் அப்படித்தான் பேசும். பால் கட்டி, நெஞ்சு கனத்து, ரவிக்கை நனைந்து, கழிப்பறையில் போய்ப் பிழிந்து கொட்டிவிட்டு மறுபடியும் மெஷினில் உட்காருகிறார்கள். சில வாரத்தில் பால் குறைகிறது, பிறகு வற்றிவிடுகிறது. "எனக்குப் பால் போதவில்லை" என்று தன் உடம்பையே குறை சொல்லிக்கொள்வார்கள். குறை வேலையிடத்தில் இருக்கிறது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்டுவதற்கென்று தினமும் இரண்டு இடைவேளை சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. விடுப்பைப் பற்றித் தெரிந்த அளவுக்கு இது யாருக்கும் தெரியவில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

எந்தச் சட்டம்?

இந்தியாவில் இந்த உரிமைகளுக்கு அடிப்படை 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம். 2017-இல் அதைத் திருத்தி, 12 வாரமாக இருந்த விடுப்பை 26 வாரமாக்கினார்கள், வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தையும் சேர்த்தார்கள். இப்போது அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020 என்ற பெரிய சட்டத்துக்குள் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பெயரும் பிரிவு எண்களும் மாறினாலும், தாய்மார்களுக்கான உரிமைகள் பெரும்பாலும் அப்படியே தொடர்கின்றன. எச்ஆர் யாராவது "அந்தப் பழைய சட்டம் இப்போது கிடையாது" என்று சொன்னால் பயப்பட வேண்டாம். புதிய தொகுப்பில் ஆறாவது அத்தியாயம் முழுக்க மகப்பேறு பற்றியதுதான்.

ஃபேக்டரி, சுரங்கம், தேயிலை-காபித் தோட்டம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கடை, அலுவலகம், பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பொருந்தும். பிரசவத் தேதி என்று மருத்துவர் குறித்துக் கொடுத்த நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். நிபந்தனை இவ்வளவுதான். நிரந்தரப் பணியாளராக இருக்க வேண்டும் என்றோ, புரொபேஷன் முடிந்திருக்க வேண்டும் என்றோ சட்டம் கேட்கவில்லை.

தினக்கூலிக்கும் உண்டு. தில்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில், அதாவது தினக்கூலிப் பதிவேட்டில், சாலை வேலை செய்த பெண்களுக்கு இந்தப் பயன் கிடையாது என்று நிர்வாகம் வாதாடியபோது, 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கான்ட்ராக்டில் இருந்தாலும் உண்டு. தில்லியில் ஒப்பந்த மருத்துவர் ஒருவர் விடுப்பில் இருக்கும்போதே ஒப்பந்தக் காலம் முடிகிறது என்று சொல்லி மீதிப் பணத்தை மறுத்தார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் மகப்பேறு பயன் தொடரும் என்று 2023-இல் தீர்ப்பு வந்தது.

விடுப்பும் அதற்கான பணமும்

உயிரோடு இருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால் 26 வாரம். ஏற்கெனவே இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் 12 வாரம். மூன்றாவது பிரசவத்துக்கு விடுப்பே கிடையாது என்று சில இடங்களில் சொல்வது தவறு. 12 வாரம் கட்டாயம் உண்டு. (அரசு ஊழியர்களின் விடுப்பு விதிகள் தனி. தமிழ்நாடு அரசில் வேலை செய்யும் பெண்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் இருந்ததால், மறுமணத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுக்கப்பட்ட தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது.)

கரு கலைந்துபோனால் சம்பளத்தோடு ஆறு வாரம். குறைப்பிரசவம் ஆகியோ, பிரசவத்தை ஒட்டியோ உடம்பு சரியில்லாமல் போனால் கூடுதலாக ஒரு மாதம். தத்தெடுக்கும் தாய்க்கும் வாடகைத்தாய் மூலம் குழந்தை பெறும் தாய்க்கும் தனி நிபந்தனைகளோடு 12 வாரம். நிறுவனம் இலவச மருத்துவம் தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸ். பிரசவம் முடிந்து முதல் ஆறு வாரம் அந்தப் பெண்ணை வேலைக்கு வரச் சொல்லவே கூடாது. அவரே வர விரும்பினாலும் வேலை வாங்கக் கூடாது.

பணத்தைக் கணக்கிடும் விதம் முக்கியம். விடுப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வேலை செய்த நாட்களின் சராசரி நாள் சம்பளம்தான் அடிப்படை. பீஸ் ரேட்டில், அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு கூலி என்று, வேலை செய்பவர்களுக்கும் இதே கணக்குதான். அந்தச் சராசரி குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போனால் குறைந்தபட்ச ஊதியத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு ஆறு நாளா, ஏழு நாளா? இந்தக் கேள்விக்கு விடை வாங்கிக் கொடுத்தவர் நம் ஊர்ப் பெண் ஒருவர். கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாள், அதற்குப் பணம் இல்லை என்றது நிர்வாகம். வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறும் சேரும் என்று 1977-இல் தீர்ப்பு. நாள் சம்பளம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 26 வாரத்துக்கு 78,000 அல்ல, 91,000. பதின்மூன்றாயிரம் ரூபாய் வித்தியாசம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது பெரிய தொகை.

பிரசவத்துக்கு முந்தைய வாரங்களுக்கான பணத்தை, கர்ப்பத்துக்கான சான்றைக் கொடுத்ததும் முன்கூட்டியே தர வேண்டும். மீதியை, குழந்தை பிறந்ததற்கான சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். "திரும்பி வேலைக்கு வந்தால்தான் செட்டில் செய்வோம்" என்று பிடித்து வைக்க நிறுவனத்துக்கு உரிமையில்லை.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் இருந்தால் பணம் நிறுவனத்திடமிருந்து வராது, ஈஎஸ்ஐ கழகம் தரும். அங்கேயும் 26 வாரம்தான், சராசரிச் சம்பளம் முழுதாகக் கிடைக்கும். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில், அதாவது ஏறக்குறைய ஒரு வருடத்தில், 70 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கழகத்தில் கட்டாமல் இருக்கும் முதலாளிகளும் உண்டு. அதனால் கர்ப்பம் உறுதியானதுமே உங்கள் ஈஎஸ்ஐ எண்ணில் பங்களிப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. ஏழாவது மாதத்தில் தெரிந்தால் அலைச்சல்தான் மிஞ்சும்.

ஒரு எச்சரிக்கை: பணம் வாங்கிக்கொண்டு விடுப்பில் இருக்கும்போது வேறொரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தால், அந்தக் காலத்துக்கான பயனை இழக்க நேரிடும்.

பாலூட்டும் இடைவேளை

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பழைய சட்டத்தில் பிரிவு 11, இப்போதைய தொகுப்பில் பிரிவு 66. பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் ஒவ்வொரு பெண்ணுக்கும், வழக்கமான ஓய்வு இடைவேளை போக, தினமும் இரண்டு முறை குழந்தைக்குப் பாலூட்ட இடைவேளை தர வேண்டும். குழந்தைக்கு 15 மாதம் நிறையும் வரை. "போக" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்திலும் டீ நேரத்திலும் போய்ப் பால் கொடுத்துக்கொள் என்று சொல்வது சட்டப்படி செல்லாது. அவை உங்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் உரிய நேரம்.

எவ்வளவு நேரம் என்பதை விதிகள் சொல்கின்றன. இதுவரை இருந்துவந்த விதிகளில் பரவலாகக் காணப்படுவது, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், அதோடு குழந்தை இருக்கும் இடத்துக்குப் போய்வர 5 முதல் 15 நிமிடம் வரை கூடுதல். பிரித்துச் சொன்னால், குழந்தை சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு தாய்க்கு ஒரு முறைக்கு அரை மணி, நாளுக்கு ஒரு மணி நேரம். மூன்று நான்கு மாதக் குழந்தைக்குப் பாலூட்டிய எவருக்கும் தெரியும், 15 நிமிடத்தில் குழந்தை நிம்மதியாகக் குடித்து முடிப்பது எல்லா நாளும் நடக்காது. ஒரு பக்கம் குடித்துவிட்டுத் தூங்கிப்போகும், தோளில் போட்டுத் தட்ட வேண்டும், மறுபக்கம் மாற்ற வேண்டும். இந்த 15 நிமிடம் போதாது என்பது என் கருத்து. ஆனாலும் அது கூடக் கிடைக்காத இடத்தில் முதலில் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

இந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. சட்டம் இதைத் தனியாகவே சொல்கிறது: பாலூட்டும் இடைவேளை எடுத்ததற்காக வழக்கமான நாள் சம்பளத்தில் எதையும் குறைக்கக் கூடாது. நேரடியாகப் பிடிக்காமல் வேறு விதமாகப் பிடிப்பார்கள் என்பதால் கவனம் தேவை. பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்ணுக்கு எழுந்து போகும் ஒவ்வொரு நிமிடமும் காசுதான். இலக்கு வைத்து வேலை வாங்கும் இடத்தில், "போய் வா, ஆனால் 80 பீஸ் முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்" என்பார்கள். இடைவேளை கொடுத்துவிட்டு இலக்கைக் குறைக்காமல் வைத்தால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிப்பதாகத்தான் ஆகும். இடைவேளை கேட்கும்போதே இலக்கில் அந்த நேரத்தைக் கழிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

குழந்தை வேலையிடத்துக்கு அருகில் இல்லை, பத்து கிலோமீட்டர் தள்ளி பாட்டியிடம் இருக்கிறது என்றால்? நகரத்தில் பெரும்பாலான பெண்களின் நிலைமை இதுதான். சட்டத்தின் வாசகம் குழந்தைக்குப் பாலூட்டுவதைப் பற்றிப் பேசுகிறது. பாலைப் பிழிந்து சேர்த்து வைப்பதற்கென்று ஓர் அறையை அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. இது சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை என்பேன். ஆனால் அந்த இரண்டு இடைவேளையையும் பால் எடுத்து வைக்கப் பயன்படுத்திக்கொள்கிறேன் என்று கேட்பதில் தடையேதும் இல்லை. நிறுவனத்துக்கும் கூடுதல் செலவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட், கைகழுவத் தண்ணீர், ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு. இவ்வளவு போதும். கழிப்பறையைக் காட்டினால் மறுத்துவிடுங்கள். குழந்தை குடிக்கப்போகும் பாலை அங்கே எடுக்கச் சொல்வது சுகாதாரமும் இல்லை, மரியாதையும் இல்லை. தமிழ்நாட்டில் பேருந்து நிலையங்களிலேயே தாய்மார்கள் பாலூட்ட அறை வைத்திருக்கிறார்கள். ஓர் அலுவலகத்தால் முடியாதா?

குழந்தைகள் காப்பகம்

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி செய்து தர வேண்டும். தொகுப்பில் பிரிவு 67. ஐம்பது என்பது ஆண், பெண் எல்லாரையும் சேர்த்த கணக்கு. "எங்களிடம் மூன்று பெண்கள்தான் இருக்கிறார்கள்" என்ற பதில் செல்லாது. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டத்தில் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் என்று இருந்தது. பெண்களின் எண்ணிக்கையோடு கடமையைக் கட்டிவிட்டால், எண்ணிக்கையைக் குறைத்துக் கடமையிலிருந்து தப்பலாம் என்று முதலாளிக்குத் தோன்றும். மொத்தப் பணியாளர்களைக் கணக்கில் எடுத்தது நல்ல மாற்றம். குழந்தை வளர்ப்பு பெண்களின் சொந்தப் பிரச்சினை இல்லை என்பதை சட்டம் அந்த அளவுக்காவது ஒப்புக்கொண்டிருக்கிறது.

காப்பகம் நிறுவனத்துக்குள்ளேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. விதியில் சொன்ன தூரத்துக்குள் இருந்தால் போதும். பக்கத்துக் கம்பெனிகளோடு சேர்ந்து பொதுவாகவும் நடத்தலாம். ஒரே கட்டடத்தில் பத்து நிறுவனங்கள் இருக்கும் ஐடி பார்க்குகளுக்கும், வரிசையாக பனியன் கம்பெனிகள் இருக்கும் தெருக்களுக்கும் இது பொருத்தமான ஏற்பாடு. தாய் தினமும் நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்த்துவர அனுமதி உண்டு. ஓய்வு இடைவேளையில் போவதும் அந்த நான்கில் சேரும்.

வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்த பிறகும் வீட்டிலிருந்தே வேலை செய்ய நிறுவனத்தோடு பேசி ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றும் சட்டம் சொல்கிறது. இருவரும் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். வேலைக்குச் சேரும்போதே இந்தப் பயன்கள் எல்லாவற்றையும் ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்திலும் மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் தெரிவிக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோடு அப்படி ஏதாவது வந்ததா என்று தேடிப் பாருங்கள்.

வேலை போய்விடுமோ என்ற பயம்

மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. விடுப்பு முடிவதற்குள் காலாவதியாகும்படி நோட்டீஸும் கொடுக்கக் கூடாது. விடுப்பில் இருக்கும்போது அவருக்குப் பாதகமாகப் பணி நிபந்தனைகளை மாற்றவும் கூடாது. கர்ப்பமாக இருக்கும்போதே நீக்கிவிட்டால்கூட, நீக்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் மகப்பேறு பயனை இழக்க மாட்டார். மிகக் கடுமையான ஒழுங்கீனத்துக்காக நீக்கும்போது மட்டும் பயனையும் மறுத்து எழுத்துமூலம் ஆணை தர முடியும். அதையும் எதிர்த்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ஏட்டில் இருப்பது இது. நடப்பில் நேரடியாக நீக்குவதைவிட, தானாகவே போகவைப்பதுதான் அதிகம். திரும்பி வந்தால் பழைய இருக்கை இருக்காது, தொலைவில் இருக்கும் கிளைக்கு மாற்றுவார்கள், "குழந்தையோடு கஷ்டமாக இருக்குமே, ரிசைன் பண்ணிவிடுங்களேன்" என்று அன்பாகச் சொல்வார்கள். அந்த அன்பில் மயங்கி ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து போட்டுவிட வேண்டாம். அந்த ஒரு கையெழுத்துக்குப் பிறகு மேலே சொன்ன பாதுகாப்பைக் கேட்பது மிகக் கடினம்.

ஈஎஸ்ஐ இல்லாத இடங்களில் 26 வாரச் சம்பளம் முழுவதையும் முதலாளியே சுமக்கும்படி நம் சட்டம் வைத்திருப்பதும் இதற்கு ஒரு காரணம். இளம் மனைவியரை வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை, குறைந்தது 14 வார விடுப்பு வேண்டும் என்பதோடு, அந்தச் செலவு சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ வர வேண்டும், தனி முதலாளி மேல் விழக் கூடாது என்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. விடுப்பு வாரங்களில் அந்த அளவை நாம் எப்போதோ தாண்டிவிட்டோம். யார் செலவழிப்பது என்பதில்தான் பின்தங்கி நிற்கிறோம்.

இந்த வட்டத்துக்கே வெளியே நிற்கும் பெண்கள் ஏராளம்: வீட்டு வேலை செய்பவர்கள், சித்தாள்கள், ஐந்து பேர் வேலை செய்யும் கடையில் நிற்பவர்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இருக்கிறது. ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பு. கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைச் சீக்கிரமே பதிவு செய்து பிக்மி எண் வாங்க வேண்டும். நலவாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு வாரியமும் உதவி தருகிறது. ஆனால் இவை உதவித்தொகைகள்தான். வேலைக்கு நடுவே இரண்டு இடைவேளை என்ற உரிமை இந்தப் பெண்களுக்கு எந்தச் சட்டத்திலும் உறுதியாக இல்லை.

கேட்பது எப்படி?

எதையும் எழுத்தில் கேளுங்கள். விடுப்புக்குப் போகும் முன், எந்தத் தேதியிலிருந்து விடுப்பு, பணத்தை யாரிடம் தர வேண்டும் என்று ஒரு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். முன்கூட்டிக் கொடுக்க முடியாமல் போனால் பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கலாம், அதனால் உரிமை போய்விடாது. வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே எச்ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"நான் இந்தத் தேதியில் பணிக்குத் திரும்புகிறேன். என் குழந்தை பிறந்த தேதி இது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020, பிரிவு 66-இன்படி குழந்தைக்கு 15 மாதம் நிறையும் வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை எனக்கு உண்டு. காலை 11 மணிக்கும் மாலை 3.30 மணிக்கும் அவற்றை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். அதற்கேற்ப என் வேலை இலக்கை அமைத்துத் தரவும், தனி அறை ஒன்றை ஒதுக்கவும் கேட்டுக்கொள்கிறேன். பிரிவு 67-இன்படி காப்பக வசதி எங்கே இருக்கிறது என்பதையும் தெரிவிக்கவும்."

மின்னஞ்சல் பழக்கமில்லாத இடத்தில் இதையே தாளில் எழுதி, இன்னொரு பிரதியில் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். தொழிற்சங்கம் இருந்தால் அவர்களிடம் ஒரு பிரதி கொடுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று தாய்மார்கள் இருந்தால் சேர்ந்து கேளுங்கள். சூப்பர்வைசர் ஒருவரை முறைக்கலாம், மூன்று பேரை முறைப்பது கடினம்.

பதில் வராவிட்டால் அடுத்தது உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம். ஆய்வாளர் என்று இருந்த பதவி புதிய தொகுப்பில் ஆய்வாளர்-உதவியாளர் என்று ஆகியிருக்கிறது. மகப்பேறு பயனை மறுத்தாலோ, சட்டத்துக்குப் புறம்பாக நீக்கினாலோ அவரிடம் புகார் தரலாம். விசாரித்துப் பணத்தைக் கொடுக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. ஈஎஸ்ஐ பணம் என்றால் ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போக வேண்டும். போகும்போது நியமன ஆணை, கடைசி மூன்று மாதச் சம்பள ரசீது, மருத்துவர் தந்த பிரசவத் தேதிச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், நீங்கள் அனுப்பிய கடிதத்தின் பிரதி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பள ரசீதே தராத இடமாக இருந்தால் வங்கிக் கணக்கில் பணம் ஏறிய பக்கம், அடையாள அட்டை, வருகைப் பதிவின் படம் என்று கையில் இருக்கும் எதுவும் உதவும். நீக்க ஆணை ஏதாவது வந்திருந்தால் அது கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே குறித்து வையுங்கள், அந்த 60 நாள் அன்றிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும்.